கேன்டர்பரிக்குக் குரல் கொடுத்த அக்கா

அந்த நாளில் கோவில்பட்டியில் இருந்தவர்களில் அக்காவின் குரலைக் கேட்காதவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, நகைக்கடைத் திறப்பு விழா, கண் சிகிச்சை முகாம், காலமானவரின் இறுதி ஊர்வலம், குடிதண்ணீர் வராத நாள் எல்லாவற்றையும் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது அவள்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே எனக்குச் சின்னதாக ஓர் ஒலிப்பதிவு அறை இருந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தேன். அதற்குள் உட்கார்ந்து வேர்க்க வேர்க்க அவளைப் பதிவு செய்தவன் நான்.

இடது கன்னத்திலிருந்து கழுத்து வழியாகக் கை வரைக்கும் அவளுக்குத் தீக்காயம். தோல் இழுத்துப் பிடித்து, சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகும். குரலையும் அந்தத் தீ தொட்டிருந்தது. புகை உள்ளே போனதால் கரகரப்பு ஏறி, பெண் குரலுமில்லாமல் ஆண் குரலுமில்லாமல், கேட்பவனை நடையை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வைக்கிற குரலாக ஆகியிருந்தது.

அவளுக்கு நல்லது மறந்துவிடும். நான் நேற்று வாங்கிக் கொடுத்த காப்பியை இன்றைக்கு நினைவில் வைத்திருக்க மாட்டாள். யாராவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால் மட்டும் அது அவளுக்குள் அப்படியே கிடக்கும். சண்டை போட மாட்டாள், அழ மாட்டாள். பொறுத்திருந்து திருப்பிக் கொடுப்பாள். கொடுக்காமல் விட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் விளம்பர வரிகளை வாங்கிப் போகச் சொல்லிக் கடைக்குக் கூப்பிட்டிருந்தார். போனவளை, ஆட்கள் வந்துபோகிற இடத்தில் நிற்க வேண்டாம், பின்னால் குடோன் பக்கம் போய் இருக்கட்டும் என்று வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லியனுப்பினார். அக்கா போய் இருந்தாள். தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். அதில் கடைக்காரரே யோசித்து எழுதிய வரி ஒன்று இருந்தது. ‘நம் கடைக்குள் வந்தவர் எவரும் திரும்பியதில்லை வெறுங்கையோடு.’ அக்கா ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ‘திரும்பியதில்லை’ என்று கனமாகச் சொல்லி நிறுத்தினாள். நிதானமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு, யாரோ ஞாபகப்படுத்தியதுபோல ‘வெறுங்கையோடு’ என்றாள். இன்னொரு தடவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“எழுதினத எழுதினபடி வாசிச்சிருக்கேன் தம்பி. இதுல என்ன கொறையக் கண்ட?” என்றாள்.

அந்தத் தீபாவளிக்கு ஆட்டோ ஊரெல்லாம் சுற்றியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தக் கடை வாசலைக் கடக்கும்போது, உள்ளே போனால் வெளியே வர முடியாதாம் என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்களும் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர் மாடியேறி வந்து பதிவைப் போடச் சொல்லி, தாளைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. போய்விட்டார்.

எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, காலையில் எழுந்ததும் இந்த முகத்தில் முழித்தால் நாள் விளங்குமா என்று குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அது அக்கா காதுக்கு வந்தது. மறுநாளிலிருந்து அந்த வீட்டுக் கதவு திறக்கிற நேரத்துக்கு முன்பே குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு தன் வாசலில் கோலம் போட உட்கார்ந்துவிடுவாள். கதவு திறந்ததும் நிமிர்ந்து பார்த்து, “நல்லா ஒறங்குனியளா மைனி?” என்று வாய் கோணச் சிரிப்பாள். மழை பெய்தாலும் காய்ச்சல் அடித்தாலும் தப்பாது. அந்தக் குடும்பம் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு தூத்துக்குடிக்குப் போனது. இடையில் அந்த வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் இவளிடம் என்ன பேசியிருக்கிறேன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

இதெல்லாம் சில்லறைப் பகை. பெரிய பகை ஒன்று இருந்தது.

அக்காவின் சொந்த ஊர் எப்போதும்வென்றான். அந்தப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் அக்காவும் அவள் தங்கையும் வேலை பார்த்தார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் மருந்து முக்கிய குச்சிகள் காய்கிற அறையில் தீப்பிடித்தது. தங்கையும் வேறு மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். தங்கையை இழுக்கப் போனதில்தான் அக்காவுக்கு இந்தக் காயம். பின்பக்கமாக ஓடி வெளியேற வழி இருந்தது. ஆனால் அந்த வழி முழுக்கத் தீப்பெட்டிப் பண்டல்களை அடுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். இடம் போதவில்லை என்று அப்படி அடுக்கச் சொன்னது முதலாளி.

விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். முதலாளி ஒன்று சொன்னார். குச்சி அடுக்கிய கட்டையைத் தூக்காமல் தரையோடு உரசி இழுத்தாள், அதில்தான் பற்றிக்கொண்டது என்று தங்கையின் பேரைச் சொன்னார். அதுவே முடிவாகிவிட்டது. அக்காவுக்கு நினைவு திரும்பி, கட்டை பக்கமே தங்கை போகவில்லை என்று சொன்னபோது கேட்க யாரும் இல்லை.

முதலாளி சொன்னதை ஊர் நம்பியது. செத்துப்போன மற்ற மூன்று பெண்களின் வீட்டாரும் நம்பினார்கள். அவர்களுக்கும் யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது. அக்காவின் அம்மா தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். கொலைகாரியைப் பெற்றவள் என்று முகத்துக்கு நேரே மண்ணை அள்ளித் தூற்றினாள் ஒருத்தி. தாயும் மகளும் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

“ஊருக்குப் பேரு எப்போதும்வென்றான். நாங்க அங்கன ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல” என்று அக்கா சொல்வாள்.

அவள் முதன்முதலில் என்னிடம் வந்ததே இதற்காகத்தான். தீ எப்படிப் பிடித்தது என்று தானே பேசிப் பதிவு செய்துகொண்டு, ஆட்டோவில் வைத்து எப்போதும்வென்றானில் தெருத்தெருவாகப் போட வேண்டும் என்றாள். பதிவு செய்தோம். ஆனால் எந்த ஆட்டோக்காரரும் அந்த முதலாளிக்கு எதிராக ஒலிபெருக்கி கட்ட ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பதிவு ஆட்டோ ஏறவில்லை. அவள் குரல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. விளம்பரம் வாசிக்கிறாயா அக்கா என்று கேட்டேன், சரி என்றாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. இங்கிலாந்தில் கேன்டர்பரி என்று ஒரு பழைய ஊர். பெரிய தேவாலயம் இருக்கிற ஊர். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கைபேசியை அழுத்தினால் ஒவ்வோர் இடத்திலும் நின்று அந்த இடத்தின் கதையைக் கேட்கலாம். அங்கே தமிழர்களும் நிறையப் பேர் போகிறார்கள், அதற்குத் தமிழ்க் குரல் வேண்டும். சென்னையில் கேட்ட குரல்களில் எல்லாம் சினிமாத்தனம் இருந்ததாம். அக்காவின் இறுதி ஊர்வல அறிவிப்பு ஒன்றைக் கேட்டுவிட்டு, இவர்தான் வேண்டும் என்றார்கள்.

மத்தியானங்களில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்தோம். கோவில்பட்டி வெயிலில், கதவை அடைத்துக்கொண்டு, அக்கா அந்தக் குளிர் ஊரின் வாசலைச் சொல்வாள். வெஸ்ட்கேட் என்று இரண்டு வட்டக் கோபுரம் வைத்த கோட்டை வாசல், உள்ளே தெருவை எட்டிப் பார்க்கிற மரச்சட்ட வீடுகள், கதவே சாய்ந்து நிற்கிற ஒரு வீடு, ரோமாபுரிக்காரர்கள் எழுப்பிய மதில், நடுவில் ஓடுகிற ஸ்டூர் ஆறு. வேறு தேசத்திலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்து தறி போட்டவர்கள் இருந்த வீடு ஆற்றோரம் நிற்கிறது. அதை ஒட்டி, தண்ணீருக்கு மேலே நீட்டிய மரத்தில் ஒரு நாற்காலி. வாயாடிப் பெண்களை அதில் கட்டி ஆற்றில் முக்கி எடுப்பார்களாம்.

அக்கா வாசிப்பை நிறுத்திவிட்டு, அந்த நாற்காலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் என்றேன்.

“என்னைய அமுக்கியிருந்தா ஆறு வத்தியிருக்கும்” என்றாள்.

இடிந்த கோட்டை ஒன்றும் இடிந்த மடம் ஒன்றும் அந்த ஊரில் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியவன் தன் ஊரில் இடிந்ததை மட்டும் கல் கல்லாகக் காப்பாற்றி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு ஓர் ஆத்திரம். ஆனாலும் நாள் போகப் போக அந்த ஊர் அவளைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் ஒரு ராஜா.

அந்தத் தேவாலயத்தில் பெரிய குருவாக இருந்தவருக்கும் ராஜாவுக்கும் பகை. இந்த ஆளிடமிருந்து என்னை விடுவிக்க ஒருவரும் இல்லையா என்கிற மாதிரி ராஜா ஒரு வார்த்தை விட்டான். அதைக் கேட்ட நாலு வீரர்கள் போய் தேவாலயத்துக்குள்ளேயே குருவை வெட்டிப்போட்டார்கள். செத்தவர் புனிதராகிவிட்டார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து கும்பிட ஆரம்பித்தார்கள். ராஜாவுக்கு எல்லாப் பக்கமும் அடி விழுந்தது. பெற்ற பிள்ளைகளே எதிர்த்து நின்றார்கள். கடைசியில் ராஜா கேன்டர்பரிக்கு வந்தான். ஊருக்கு வெளியே இருக்கிற சின்னத் தேவாலயத்தில் ராஜ உடையைக் களைந்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு கல் பாதையில் ரத்தம் ஒழுக நடந்து போனான். கல்லறை முன்னால் குனிந்து நிற்க, துறவிகள் ஒவ்வொருவராக வந்து அவன் முதுகில் பிரம்பால் அடித்தார்கள்.

இந்த இடத்தை அக்கா பலமுறை வாசித்தாள். பிசகியதால் அல்ல, வாசிக்கப் பிடித்திருந்தது. ராஜா என்றால் நிஜ ராஜாவா, நாடகம் போல ஏதாவதா என்று கேட்டாள். நிஜமாக நடந்தது என்றேன். அவன் கையால் வெட்டவில்லையே, வார்த்தைதானே விட்டான் என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தில் ஒரு பசி தெரிந்தது.

மறுநாள் அடுத்த பகுதி. அடி வாங்கிக்கொண்டு ராஜா திரும்பிப் போனதும் அவனுக்கு எதிராகப் படையெடுத்து வந்த பக்கத்து நாட்டு ராஜா பிடிபட்டான். புனிதர் மன்னித்துவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ராஜா பழையபடி ராஜாவாக இருந்தான். ஊருக்கும் யோகம்தான். வருகிறவர்கள் தங்க விடுதிகள், வந்துபோன அடையாளமாக வாங்கிக் குத்திக்கொள்ள ஈய முத்திரைகள் என்று வியாபாரம் செழித்துப்போனது. கல்படிகள் ஜனங்கள் முழங்காலிட்டு ஏறியே தேய்ந்து குழிந்தன.

அக்கா தாளைக் கீழே போட்டாள்.

“இதுக்குத்தான் நடந்தானா? நாலு அடிய வாங்கிட்டு நாட்டக் காப்பாத்திக்கிட்டான். செத்தவர வச்சு அவனும் பொழச்சான், ஊரும் பொழச்சுருக்கு.” குனிந்து தாளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “வார்த்தையால கொன்னவன வார்த்தையாலதான் பழிவாங்கணும் தம்பி. பெரம்பு எதுக்கு?”

ராஜா நடந்த அதே வருஷம் அந்தத் தேவாலயம் தீப்பிடித்தது. வெளியே இருந்த குடிசைகளில் பிடித்த தீயிலிருந்து பொறி பறந்து, ஈயத் தகட்டுக்கு அடியில் இருந்த மரத்தில் ஒளிந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் கனிந்து பிறகு எரிந்தது என்று தாளில் இருந்தது. அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் யார், பேர் ஏதும் இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். இல்லை. யாராவது ஒரு பெண் பேரைச் சொல்லி முடித்திருப்பார்கள் என்றாள். இன்னொரு பகுதியில் பெரிய யுத்தம் வந்தது. வானத்திலிருந்து தீக்குண்டுகளைப் போட்டு ஊரை எரித்தபோது, தேவாலயக் கூரை மேல் ஏறி நின்ற காவல்காரர்கள் விழுந்த குண்டுகளை எடுத்துக் கீழே வீசி அதைக் காப்பாற்றினார்கள். முழுப் பதிவிலும் அந்த ஒரு பகுதியை மட்டும்தான் அக்கா வாஞ்சையோடு வாசித்தாள் என்று சொல்லலாம். அவ்வளவு மென்மையாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

பதிவு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது அந்த முதலாளி மாடியேறி வந்தார்.

நன்றாக வயதாகியிருந்தது. பழத்தட்டும் பட்டுச் சேலையும் தூக்கிக்கொண்டு மகன் பின்னால் வந்தான். வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று கெடுதல், பேரனுக்கு வலிப்பு. குறி கேட்டதில் கோடாங்கி உடுக்கை அடித்து, தீயில் செத்த ஒரு பெண் வாசலில் நிற்கிறாள், அவளுக்கு இடம் கொடுத்தால்தான் போவாள் என்று சொல்லிவிட்டாராம். எப்போதும்வென்றான் எல்லையில் தங்கைக்கு ஒரு பீடம் எழுப்பி, தானே வெறுங்காலோடு பால்குடம் சுமந்து வந்து ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அக்கா வந்து விளக்கேற்ற வேண்டும்.

“ஒன் தங்கச்சி எங்களுக்குச் சாமி தாயி. நீ வந்தாத்தான் அவ எறங்கிவருவா” என்றார்.

அக்கா தட்டைத் தொடவில்லை.

“மைக் கட்டுவியளா?” என்று கேட்டாள்.

“கட்டுனாப் போச்சு.”

“ஊர்ல எல்லாரையும் கூப்பிடுவியளா? செத்துப்போன மத்த பிள்ளைக வீட்டுக்காரவியளையும்?”

“எல்லாரையும் கூப்பிடுதேன் தாயி. சோறு போடுதேன்.”

“அப்ப வாரேன். மைக்ல நான்தான் பேசுவேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு இறங்கினார். படியில் செருப்புச் சத்தம் மறைகிற வரைக்கும் அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராஜா வாரான் தம்பி” என்றாள்.

பங்குனி வெயில். மைக் செட்டை நானே கொண்டுபோயிருந்தேன். பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. ஊர் எல்லையில் சுண்ணாம்பு அடித்த சின்னப் பீடம். ஒரு பக்கம் பந்தல் போட்டுப் பொங்கலும் சாம்பாரும் வெந்துகொண்டிருந்தன. தூரத்தில் மேளம் கேட்டது. முதலாளி மஞ்சள் வேட்டியோடு, தலையில் பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் வந்தார். நடை தடுமாறியது. பின்னால் மகன்கள், மருமகள்கள். குலவை போடப் பெண்கள் தயாராக நின்றார்கள். அவர்களில் அந்த மூன்று வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். அக்காவைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

அவர் பீடத்தை நெருங்கியதும் அக்கா மைக்கோடு குறுக்கே போய் நின்றாள். மேளம் நின்றது.

ஆட்டோவில் பேசுகிற அதே குரலில், ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லாமல் அறிவித்தாள்: “அன்பார்ந்த எப்போதும்வென்றான் பொதுமக்களே. அன்றைக்குத் தீ பிடித்தபோது நடந்தது என்ன என்பதை முதலாளி அவர்கள் இப்போது தமது வாயால் தெரிவிப்பார்கள்.”

சொல்லிவிட்டு மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

பாலை ஊற்றுகிற இடம் போய்ச் சேரும் முன்னால் குடத்தைத் தரையில் இறக்கக் கூடாது. ஊற்ற வேண்டுமென்றால் அக்கா விலக வேண்டும். அவள் விலகவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “பால ஊத்திக்கிடுதேன் தாயி. பெறகு பேசுவோம்” என்று மெதுவாகச் சொன்னார். அது நாலு ஒலிபெருக்கியிலும் போய்க் காடு முழுக்கக் கேட்டது. தன் ரகசியக் குரல் தனக்கே திரும்பி வந்ததைக் கேட்டு அவர் மைக்கிலிருந்து முகத்தை விலக்கினார்.

மகன் என்னிடம் ஓடிவந்து செட்டை நிறுத்தச் சொன்னான். நான் கையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவனே நிறுத்தப் போனான். அப்போது செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் தகப்பன், ஒரு கிழவர், கூட்டத்திலிருந்து வந்து அவனுக்கும் மைக் செட்டுக்கும் நடுவே நின்றார். அடிக்கவில்லை. சும்மா நின்றார். மகன் பின்வாங்கினான்.

முதலாளி மண் சூட்டில் பாதங்களை மாறி மாறித் தூக்கித் தூக்கி வைத்தார். குடத்திலிருந்து பால் தளும்பிக் கழுத்தில் வழிந்தது. அக்காவின் கை ஆடவில்லை.

கடைசியில் அவர் பேசினார்.

“பின்வழியில பண்டல் அடுக்கச் சொன்னது நான்தான். தீ எப்பிடிப் பிடிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ள கட்டைய இழுத்தத நான் பாக்கல. யாருமே பாக்கல.” மூச்சு வாங்கினார். “செத்தவ பேரச் சொன்னா யாருக்கும் நட்டமில்லன்னு நெனச்சேன்.”

அக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பி, “நன்றி” என்றாள். விலகி வழி விட்டாள்.

அவர் போய்ப் பாலை ஊற்றினார். ஒரு பெண்கூடக் குலவை போடவில்லை. பீடத்தில் பால் வழிகிற சத்தம் கேட்டது. மேளக்காரர்கள் அடிக்கவா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் பந்தல் பக்கம் போகாமல் வந்த வழியே கலைந்தார்கள். விளக்கேற்ற எண்ணெய்த் திரியோடு யாரோ அக்காவைத் தேடி வந்தார்கள்.

“அவளுக்குப் பீடம் எதுக்கு? அவ தப்பு செய்யலன்னு சொன்னாப் போதும். சாமியாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

திரும்பி வருகிற வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள். வடை கேட்டாள். சூடாகத் தின்றுவிட்டு, இன்னும் ஒன்று வேண்டும் என்று வாங்கித் தின்றாள். அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர் காலைப் பார்த்தியா தம்பி, கொப்புளம் போட்டிருக்கும் என்றாள்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அந்த வாரமே எப்போதும்வென்றானிலிருந்து அந்த மூன்று வீட்டுப் பெண்களும் என் ஒலிப்பதிவு அறைக்கு வந்து அக்கா வீட்டைக் காட்டச் சொன்னார்கள். அவளுடைய அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். மண்ணை அள்ளித் தூற்றியவள் அவர்களில் ஒருத்தி. கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா வாசலுக்கு வந்தாள். மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். கதவை அடைத்து உள்ளே தாழ் போட்டாள்.

அவர்கள் நகரவில்லை. தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

“கதவத் தொறட்டி.”

“மாட்டேன்.”

“எம்புட்டு நேரமா நிக்காளுவ.”

“நிக்கட்டும். நீ எம்புட்டு வருசம் நின்ன?”

நானும் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டின் பக்கவாட்டுச் சந்திலிருந்து அம்மா வந்தாள். அடுக்களைக் கதவு வழியாக வெளியேறி, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்திருக்கிறாள். மூன்று பெண்களும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. “இங்கன நிக்கேன்” என்றாள். மண் தூற்றியவள் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே அம்மாவின் காலில் விழுந்தாள்.

“எந்திரிட்டி. ஒம்மவளுந்தான போனா” என்று அம்மா அவளைத் தூக்கினாள்.

நாலு பேரும் எதிர்வீட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்து அழுதார்கள். சத்தம் போட்டு அழுதார்கள். கதவு திறக்கவில்லை. சாயங்காலம் அம்மா அந்தக் கதவைப் பார்த்து, ரெண்டு நாள் ஊரில் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அந்தப் பெண்களோடு பேருந்து ஏறிப் போனாள். ரெண்டு நாள் கழித்தும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டாள்.

அக்கா வேலைக்கு வந்தாள். கேன்டர்பரியில் மீதியிருந்ததை முடித்தோம். பின்னால் வந்த ஒரு ராஜா அந்தப் புனிதரின் சமாதியை உடைத்து, பொன்னையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். சமாதி இருந்த இடம் இப்போது வெறும் தரை. அதில் ஒரு மெழுகுவத்தி மட்டும் எரிகிறது. அங்கே போகிற தமிழர்கள் இன்றைக்கும் அந்த மெழுகுவத்தி முன்னால் நின்று கேட்பது அக்காவின் குரலைத்தான். நான் கோவில்பட்டியை விட்டு வந்து சில வருஷம் ஆகிவிட்டது.

வருவதற்குக் கொஞ்சநாள் முன்பு ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கட்ட எப்போதும்வென்றான் போயிருந்தேன். அக்காவின் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் நானாக அதைச் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மறுநாள் பதிவுக்கு வந்தவள், தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அங்கன போயிருந்தியாமே?”

“ஆமாக்கா.”

“அம்மா அவியகூடச் சிரிக்காளா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவளிடம் பொய் சொல்ல முடியாது.

“நல்லாவே சிரிக்காவக்கா.”

அக்கா தலையசைத்தாள். ஹெட்போனை எடுத்து, காயம் இருக்கிற பக்கத்தில் உறுத்தாமல் சரிசெய்து மாட்டிக்கொண்டாள்.

“சரி, போடு” என்றாள்.

அன்றைக்கு வாசிக்க வேண்டியிருந்தது சின்னப் பிள்ளைகள் துணிக்கடை ஒன்றின் விளம்பரம். குரலில் நல்ல சந்தோஷம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். அவர் கேட்ட அளவுக்கு அக்கா கொடுத்தாள்.